சர்க்கரை வியாபாரியின் பாதங்கள்

சந்தைகளின் கதை – 14

சென்ற வாரம் தெஹ்ரான் கடைவீதியில் ஹூக்காக்கள் அணைந்துபோனதைப் பார்த்தோம். தவறவிட்டவர்களுக்காக ஒரு சிறு நினைவூட்டல்.

1890இல் பாரசீகத்தின் நாசிருத்தீன் ஷா, நாட்டில் விளையும் புகையிலை முழுவதையும் வாங்கவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் ஐம்பது வருட உரிமையை டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். ஆண்டுக்கு 15,000 பவுன், போக லாபத்தில் கால் பங்கு. கடைவீதி கொதித்தது. 1891 டிசம்பரில், சமாராவில் இருந்த மூத்த மார்க்க அறிஞர் மிர்சா ஹசன் ஷிராசியின் பெயரில் தடை வந்தது. புகையிலையைத் தொடாதே என்று ஒரே ஒரு கட்டளை. நாடே நிறுத்தியது. ஷாவின் அந்தப்புரத்தில்கூட ஹூக்கா பற்றவைக்க ஆள் இல்லை. அடுத்த மாதம் ஒப்பந்தம் ரத்து. நஷ்ட ஈடு ஐந்து லட்சம் பவுன். கஜானாவில் ஏது அவ்வளவு? கடன் வாங்கித்தான் கட்டினார்கள்.

கதவைச் சாத்தினால் அரண்மனைக்கு வலிக்கும் என்று கடைவீதிக்கு அன்று தெரிந்துபோனது. அரண்மனைக்குத் தெரிய இன்னும் பதினான்கு வருடம் ஆனது. இந்த வாரம் அந்தக் கதை.

*

முதலில் அந்தக் கடைவீதிக்குள் ஒரு நடை போய்வருவோம். பாண்டி பஜார், பர்மா பஜார் என்று நாம் சொல்லும் பஜார் பாரசீகத்திலிருந்து வந்த சொல்தான். ஆனால் அங்கே பஜார் என்றால் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு மட்டும் அல்ல.

தலைக்கு மேலே செங்கல் வளைவுக் கூரை. ஒவ்வொரு குவிமாடத்தின் நடுவிலும் ஒரு துளை. நண்பகலில் அந்தத் துளை வழியே வெயில் தூண்போல இறங்கும். தூசி அதில் மெல்லச் சுழலும். வெளியே கொளுத்தினாலும் பனி கொட்டினாலும் உள்ளே ஒரு நிதானமான குளுமை. இந்த மூடிய தெருவுக்கு அவர்கள் வைத்த பெயர் ராஸ்தே. நம் ரஸ்தாவின் உறவுக்காரச் சொல். பொற்கொல்லருக்கு ஒரு ராஸ்தே, பாத்திரம் அடிப்பவர்களுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. செம்புத் தட்டுகளின் மேல் சுத்தியல் விழும் சத்தம் கேட்டால் எந்த வீதிக்கு வந்துவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

ராஸ்தேயிலிருந்து பக்கவாட்டில் திரும்பினால் முற்றம் வைத்த சராய்கள். சரக்கு மூட்டைகள் இறங்கும் இடம். அவற்றைச் சுற்றி ஹுஜ்ரே எனப்படும் சிறு அறைகள். பெரிய வியாபாரி உட்காருவது அங்கேதான்; முன்னால் சாமான் எதுவும் பரப்பியிருக்காது. ஒரு கம்பளம், ஒரு கணக்குப் பேரேடு, ஒரு குமாஸ்தா, தேநீர். இஸ்ஃபஹானில் இருக்கும் கூட்டாளியின் பெயருக்கு அவர் எழுதிக் கொடுக்கும் ஒரு துண்டுச் சீட்டு அங்கே பணமாக மாறும். நம்ம ஊர் உண்டியல் மாதிரி. சீட்டுக்குப் பின்னால் இருந்தது அவருடைய பெயர் மட்டுமே. பெயர் கெட்டால் வியாபாரம் போச்சு.

(தராசு, குமாஸ்தா, ரசீது – மூன்றுமே பாரசீகம் கொடுத்த சொற்கள். நம்ம ஊர் பலசரக்குக் கடை அண்ணாச்சியும் நாள் முழுக்கப் பாரசீகம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.)

இதே கூரைக்குள் பள்ளிவாசல், மதரசா, குளிக்கும் ஹம்மாம், தேநீர்க் கடை எல்லாம் உண்டு. பல கடைகளின் வாடகை வக்ஃபு வழியாகப் பள்ளிவாசலுக்குப் போகும். வியாபாரிகள் மார்க்கத்துக்குச் செலுத்தும் பங்கில்தான் மதரசா மாணவர்கள் சாப்பிட்டார்கள். முஹர்ரம் வந்தால் ஒவ்வொரு தொழில் சங்கமும் தன் ஊர்வலத்தை நடத்தும். அதனால் கடைக்காரரைத் தொட்டால் மௌலவிக்கு வலிக்கும். மௌலவியைத் தொட்டால் கடைகள் மூடும். பாரசீகத்தை ஆண்டவர்களில் பலர் இந்த எளிய கணக்கைத் தப்பாகவே போட்டார்கள்.

*

தப்பாகப் போட்டவர்களில் ஒருவர் அலாவுத்தௌலா. 1905இல் தெஹ்ரானின் ஆளுநர்.

அந்த வருடம் சர்க்கரை விலை ஏறிக்கொண்டே போனது. தெஹ்ரானில் சர்க்கரை என்றால் கூம்பு வடிவில் வார்த்த வெள்ளைக் கட்டி. அதற்குப் பெயர் கந்த். நம் கற்கண்டில் இருக்கும் 'கண்டு'வும் இதுவும் ஒரே குடும்பம். வீட்டில் அதைச் சிறு கோடரியால் உடைத்துத் துண்டுகளாக்கி வைப்பார்கள். ஒரு துண்டைப் பல்லிடுக்கில் பிடித்துக்கொண்டு, சூடான கறுப்புத் தேநீரை அதன் வழியாக உறிஞ்சிக் குடிப்பது அங்கத்தியப் பழக்கம். சுமை தூக்குகிறவர் முதல் அமைச்சர் வரை இதில் வேறுபாடு இல்லை. ஆகவே கந்த் விலை ஏறினால் ஊர் முழுக்க முணுமுணுப்பு.

ஏன் ஏறியது? சர்க்கரை பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. ரஷ்யா 1904இல் ஜப்பானோடு போரில் இறங்கி அடி வாங்கியது. 1905இல் அங்கே புரட்சி, வேலைநிறுத்தம். சரக்கு வரவில்லை. கடைவீதிக்குப் புதிதாகச் சேர்ந்த கணக்குப்பிள்ளைக்கும் புரியக்கூடிய விஷயம்.

கஜானாவின் நிலைமையும் சேர்ந்துகொண்டது. நாசிருத்தீன் ஷா 1896இல் சுட்டுக் கொல்லப்பட்டு, மகன் முசாஃபருத்தீன் ஷா பட்டத்துக்கு வந்திருந்தார். நோயாளி, ஐரோப்பியப் பயணங்களில் பிரியமுள்ளவர். 1900, 1902, 1905 என்று மூன்று முறை போய்வந்தார். 1900இல் ரஷ்யாவிடம் இரண்டேகால் கோடி ரூபிள் கடன், 1902இல் மேலும் ஒரு கோடி. கடனை அடைக்கச் சுங்க வருவாயை நம்பினார்கள். சுங்கத்தைப் பெல்ஜியக்காரர்கள் கையில் கொடுத்தார்கள். அவர்களின் தலைவர் ஜோசப் நாஸ். சுங்கச்சாவடியில் தங்களிடம் ஒரு வரி, அந்நியரிடம் ஒரு வரி என்று உள்ளூர் வியாபாரிகள் பொருமினார்கள். மாறுவேட விருந்தொன்றில் முல்லாவின் அங்கியும் தலைப்பாகையும் அணிந்து நாஸ் நிற்கும் புகைப்படம் 1905இல் கைக்குக் கை மாறியது. பொருமல் கோபமானது.

இப்படி உலர்ந்து கிடந்த வைக்கோலில்தான் ஆளுநர் தீக்குச்சி கிழித்தார்.

*

டிசம்பர் இரண்டாம் வாரம். சர்க்கரை வியாபாரிகளுக்கு ஆளுநர் மாளிகையிலிருந்து அழைப்பு. பதுக்குகிறீர்கள், விலையை இறக்குங்கள் என்பது ஆளுநரின் கட்டளை.

வந்தவர்களில் ஒருவர் சையது ஹாஷிம் கந்தி. பெயரிலேயே சர்க்கரை. வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நபிகளின் வம்சாவளி என்பதால் சையது. மூன்று பள்ளிவாசல்கள் கட்டக் காசு கொடுத்தவர். கடைவீதியின் கூரை பழுதானபோது சொந்தச் செலவில் செப்பனிட்டவர். அவர் நடந்துபோனால் கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.

அவர் காரணத்தைச் சொன்னார். பதுக்கல் இல்லை, ரஷ்யாவில் குழப்பம், சரக்கு வரவில்லை.

ஆளுநர் கேட்கவில்லை. அந்த நாட்டில் ஃபலக் என்று ஒரு தண்டனை இருந்தது. ஆளை மல்லாக்கக் கிடத்தி, இரண்டு பாதங்களையும் ஒரு கம்பில் கட்டி உயர்த்தி, உள்ளங்காலில் பிரம்பால் அடிப்பார்கள். கழுதைக்காரனுக்கும் கைகலப்பில் பிடிபட்டவனுக்கும் கொடுக்கும் தண்டனை.

அந்தக் கிழவரின் பாதங்களைக் கம்பில் கட்டினார்கள்.

எத்தனை அடி என்பதை விட, யாருக்கு அடி என்பதுதான் அன்று தெஹ்ரானை உலுக்கியது. ஊரின் பெயரெல்லாம் பொய்யாகலாம், இவர் பெயர் பொய்யாகாது என்று நம்பி ஆயிரம் சீட்டுகள் புழங்கிய மனிதர். அவர் காலிலேயே பிரம்பு விழும் என்றால் யாருடைய பெயருக்கு இனி என்ன மதிப்பு? ஆளுநர் விலையை இறக்க நினைத்தார். இறங்கியது விலை அல்ல.

செய்தி கடைவீதிக்கு வந்து சேர்ந்ததும், ஒரு ராஸ்தேயிலிருந்து அடுத்த ராஸ்தேக்குப் பலகைக் கதவுகள் அடைபடும் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. செம்பு வீதியில் சுத்தியல் நின்றது.

*

மறுநாள் கடைவீதியை ஒட்டிய ஷா பள்ளிவாசலில் பெருங்கூட்டம். சையது ஜமாலுத்தீன் என்ற பிரசங்கி மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது, அரண்மனைக்கு வேண்டியவரான அந்தப் பள்ளிவாசலின் இமாம் குறுக்கிட்டார். அவருடைய ஆட்கள் கூட்டத்தைத் தடியோடு கலைத்தார்கள். பள்ளிவாசலிலும் இடமில்லை என்றானபின் எங்கே போவது?

அந்த நாட்டில் அதற்கொரு பழைய வழி இருந்தது: பஸ்த். அடைக்கலம். ஆட்சியின் கை நுழையக்கூடாத இடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வது. தர்காவாக இருக்கலாம், அரசரின் குதிரை லாயமாக இருக்கலாம். பிற்காலத்தில் தந்தி அலுவலகத்திலும் உட்கார்ந்தார்கள். கம்பியின் மறுமுனை ஷாவின் சிம்மாசனத்தின் காலடியில் முடிகிறது என்று நம்பியவர்கள் உண்டு.

பாரசீகத்தில் 'பஸ்தன்' என்றால் கட்டுவது, அடைப்பது. பஸ்த் அதிலிருந்து வந்தது. அதே வேரின் இன்னொரு கிளைதான் 'பந்த்'; நம்ம ஊர் பந்த்தும் அதுவே. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் பந்தோபஸ்து! கடையடைப்பு அன்று தெருவில் நிற்கும் காவலருக்கும், கடையை அடைத்தவருக்கும், உள்ளே போய் அடைக்கலம் புகுந்தவருக்கும் ஒரே சொல்லின் துண்டுகள்தான் பெயர்.

சையது அப்துல்லா பெஹ்பஹானி, சையது முஹம்மது தபதபாயி என்ற இரு மார்க்கத் தலைவர்கள் முன்னே நடக்க, சுமார் இரண்டாயிரம் பேர் தெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் ஊரில் உள்ள ஷா அப்துல் அசீம் தர்காவுக்குப் போனார்கள். முந்தைய ஷா சுடப்பட்டது அதே தர்காவில்தான். தெஹ்ரானிலிருந்து அங்கே ஒரு சின்ன ரயில் ஓடியது. 1888இல் பெல்ஜியக்காரர்கள் போட்டது. புகை வண்டியில் வந்து சேர்ந்தவர்கள், பெல்ஜியச் சுங்கத் தலைவரை நீக்கு என்று கோஷம் போட்டார்கள்.

அவர்கள் கேட்டவற்றுள் ஆளுநரை நீக்குவதும் இருந்தது. ஆனால் புதியது இன்னொன்று: அதாலத்கானே, நீதி மன்று. இனி யாருடைய காலையும் ஒரு மனிதனின் கோபத்துக்காகக் கம்பில் கட்டக்கூடாது. விசாரிக்க ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான். பாராளுமன்றம் என்ற சொல்லை அப்போது அவர்கள் கேட்கவில்லை.

கடைகள் திறக்கவில்லை. வாரங்கள் ஓடின. 1906 ஜனவரியில் ஷா இறங்கிவந்தார். ஆளுநரை நீக்கினார், நீதி மன்று வரும் என்று வாக்குக் கொடுத்தார். திரும்பிவந்தவர்களை ஊர் கொண்டாடியது.

வாக்கு வாக்காகவே இருந்தது.

*

பிரதம மந்திரி அய்னுத்தௌலா காலம் கடத்துவதில் கெட்டிக்காரர். வசந்தம் போய்க் கோடை வந்தது. ஜூலையில் ஒரு பிரசங்கியைப் பிடிக்கச் சிப்பாய்கள் வந்தபோது கூட்டம் மறித்தது. ஒரு மதரசா மாணவர் சுடப்பட்டு இறந்தார். அவரும் ஒரு சையது. அவருடைய ரத்தம் தோய்ந்த உடையை உயர்த்திப் பிடித்து ஊர்வலம் போனவர்கள் மீதும் துப்பாக்கி பேசியது. மார்க்கத் தலைவர்கள் வெறுத்துப்போய் கும் நகருக்குக் கிளம்பிவிட்டார்கள். கடைகள் மறுபடியும் மூடின. மூடிய கடைகளைச் சூறையாட விடுவேன் என்று மிரட்டினார் பிரதமர்.

இப்போது வியாபாரிகள் தனியாக நின்றார்கள். பள்ளிவாசல் போச்சு, மார்க்கத் தலைவர்கள் ஊரில் இல்லை.

இந்த இடத்தில் அவர்கள் எடுத்த முடிவு விசித்திரமானது. பிரிட்டிஷ் தூதரகம் கோடைக்காக நகருக்கு வெளியே குல்ஹக்குக்குப் போயிருந்தது. அங்கே சிலர் போய்ப் பொறுப்பாளர் கிராண்ட் டஃபைப் பார்த்தார்கள். நகரில் காலியாகக் கிடக்கும் உங்கள் தூதரகத் தோட்டத்தில் வந்து உட்கார்ந்தால் விரட்டுவீர்களா? வராமல் இருந்தால் நல்லது, ஆனால் வந்தால் பலாத்காரமாக வெளியேற்ற மாட்டோம் என்ற பொருளில் பதில் வந்தது.

பதினைந்து வருடம் முன்பு ஆங்கிலேயரின் புகையிலை ஒப்பந்தத்தைக் கிழித்த அதே கடைவீதி, ஆங்கிலேயரின் மதிலுக்குள் போனது. இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளூரில் ஒதுங்க ஒரு திண்ணையும் மிச்சமில்லாதவன் அயலான் திண்ணையில்தான் ஒதுங்குவான்.

முதல் நாள் இரவு சுமார் ஐம்பது பேர். ஆகஸ்ட் தொடக்கத்தில் பதினாலாயிரம்.

*

அந்தத் தோட்டத்தின் புகைப்படங்கள் இருக்கின்றன. மரங்களுக்கு நடுவே கூடாரம் கூடாரமாக. ஒவ்வொரு தொழில் சங்கத்துக்கும் தனிக் கூடாரம்: செருப்புத் தைப்பவர்கள், அக்ரூட் விற்பவர்கள், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள். கடைவீதி தன் ராஸ்தேக்களைச் சுருட்டி எடுத்துவந்து தோட்டத்தில் விரித்தது போல.

ஒரு படத்தில் கொப்பரைகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம் போன்ற அண்டாக்கள். கீழே விறகு. சோறு வெந்து, சங்கம் சங்கமாகப் பரிமாறி முடிக்க ஒவ்வொரு வேளையும் மணிக்கணக்கில் ஆகும். மாலையில் கூடாரந்தோறும் கர்பலாக் கதை. கேட்டுக் கேட்டு அழுகை. காவல் அவர்களே, ஒழுங்கும் அவர்களே.

இந்த அண்டாக்களை நான் சும்மா சொல்லவில்லை. கடையடைப்பில் பெரிய வியாபாரிக்கு லாபம் போகும். சுமை தூக்குகிறவருக்கு அன்றைய ரொட்டி போகும். மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அன்றோடு கடையடைப்பு முடிந்தது. அதனால் பெரியவர்கள் ஒரு குழு போட்டார்கள். வசதியான வியாபாரிகளிடம் வசூல். நீண்ட நாள் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாதவர்களுக்கு அதிலிருந்து உதவி. அந்தக் கணக்கு சரியாக இருந்த வரை கதவுகள் திறக்காது. தெஹ்ரானின் துப்பாக்கிகளிடம் இதற்குப் பதில் இல்லை.

பகலில் வேறொரு வேலையும் நடந்தது. தாருல் ஃபுனூன் என்ற நவீனக் கல்லூரியின் மாணவர்கள் கூடாரம் கூடாரமாக வந்து பேசினார்கள். ஐரோப்பாவில் அரசர்கள் எப்படிச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள், பாராளுமன்றம் என்றால் என்ன என்று விளக்கினார்கள். ஜனவரியில் 'நீதி மன்று' கேட்டவர்கள், ஜூலை முடிவதற்குள் 'மஜ்லிஸ்' என்ற பாராளுமன்றத்தையே கேட்கத் தொடங்கினார்கள். வெளியே பெண்கள் அரண்மனை வாசலிலும் தூதரக வாசலிலும் கூடிக் குரல் கொடுத்தார்கள்.

ஜூலைக் கடைசியில் அய்னுத்தௌலா பதவி இழந்தார். 1906 ஆகஸ்ட் 5 அன்று முசாஃபருத்தீன் ஷா மஜ்லிஸ் அமைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். கடைகள் திறந்தன. செம்பு வீதியில் மறுபடி சுத்தியல்.

*

செப்டம்பரில் தேர்தல் சட்டம் வந்தது. தெஹ்ரானுக்கு அறுபது இடங்கள். அரச குடும்பத்துக்கு 4, மார்க்க அறிஞர்களுக்கு 4, நிலக்காரர்களுக்கு 10, பெரிய வியாபாரிகளுக்கு 10. தொழில் சங்கங்களுக்கு 32! பாதிக்கு மேல். அக்டோபர் 7 அன்று மஜ்லிஸ் கூடியபோது, நேற்று வரை தராசு பிடித்த கைகள் அங்கே நாட்டின் வரவு செலவைப் புரட்டின.

ஆனால் அந்தச் சட்டத்தின் சிற்றெழுத்தைப் படிக்க வேண்டும். சங்கத்துக்காரர் ஓட்டுப் போட வேண்டுமென்றால் அவருக்கு ஒரு கடை இருக்க வேண்டும். அதன் வாடகையும் அந்த ஊரின் சராசரிக்குக் குறையக்கூடாது. சுமை தூக்குகிறவருக்கு ஏது கடை? ஒட்டகம் ஓட்டுகிறவருக்கு? பெண்களுக்கோ ஓட்டே இல்லை. ஒரே அண்டாவில் சாப்பிட்டவர்களில் ஒரு பாதி, பந்தி முடிந்ததும் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. கடைவீதியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலரும் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

டிசம்பர் 30 அன்று அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட முசாஃபருத்தீன் ஷா சில நாட்களில் இறந்துபோனார். மகன் முஹம்மது அலி ஷாவுக்கு இந்த மஜ்லிஸ் கண்ணில் விழுந்த தூசி. 1908 ஜூன் 23 அன்று, ரஷ்ய அதிகாரி லியாகோஃப் தலைமையிலான ஷாவின் கோசாக் படை மஜ்லிஸ் கட்டிடத்தைப் பீரங்கியால் தகர்த்தது. தெஹ்ரான் கடைவீதி வாயடைத்துப் போனது. இந்த முறை கதவைச் சாத்திப் பயனில்லை; எதிரே இருந்தது பிரம்பு அல்ல, பீரங்கி.

வடமேற்கே தப்ரீஸ் நகரத்துக் கடைவீதி மட்டும் அடங்க மறுத்தது. அங்கே துப்பாக்கியைக் கையில் எடுத்தவர்களின் தலைவன் ஒரு குதிரை வியாபாரி. பெயர் சத்தார் கான். ஊரைச் சுற்றி ஷாவின் படை. உள்ளே நாளுக்கு நாள் குறையும் தானியம். கடையை மூடத் தெரிந்தவர்களுக்கு ஊரைக் காக்கத் தெரியுமா?

(அடுத்த வாரம்: தப்ரீஸ்)